எந்தத் தோட்டம் என்று கேட்டேன்

இதை எழுத ஆறு வருடமாக எனக்குக் கை வரவில்லை. முருகனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கண்டியில் பாலியல் நோய்களுக்கு மருந்து கொடுக்கும் கிளினிக்கில் நான் சிற்றூழியர். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க ஒரு பிள்ளை வந்திருந்தாள். இருபது வயதிருக்கும். வெயிலிலும் ஸ்வெட்டர் தொப்பியைத் தலையில் போட்டிருந்தாள். நம்பர் துண்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். நம்ம பிள்ளை, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம்.

“தமிழ்லயே பேசு புள்ள. எந்தத் தோட்டம்?”

“பன்வில பக்கம்.”

“அட, என் தங்கச்சிய அங்கதானே கட்டிக் குடுத்திருக்கு! யாரு வீட்டுப் புள்ள?”

யாரைக் கண்டாலும் நாங்கள் கேட்பதுதான். அவள் முகம் செத்துவிட்டது. எழுந்துவிட்டாள்.

“சாமி சத்தியமா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். முடிவ வாங்கிட்டுப் போ.”

“தெரிஞ்சவங்க இல்லாத எடமுன்னுதான் அக்கா இங்க வந்தேன். இனி எங்க போக?”

போய்விட்டாள். நர்ஸ் அவள் நம்பரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். அவளுக்கான ஊசி மேசையில் தயாராக இருந்தது. பிறகு அவள் வரவேயில்லை.

கோயிலில் அவளுக்காக அர்ச்சனை செய்யப் போனால் ஐயர் பெயர் கேட்கிறார். அவள் பெயர் எனக்குத் தெரியாது.

இதை யாருக்காவது சொன்னால், நான் அவளிடம் கேட்டதைக் கேட்டபடியே சொல்லுங்கள். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம்.