இரண்டு கட்சிக்கும் ஒரே சோறு

ஒரே வாக்கியத்தை எதிரெதிரான இரண்டு கட்சிகளுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். கூலிகூட வாங்கவில்லை. அந்த வெட்கக்கேட்டுக்குச் சாட்சியாக என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய செய்தித்தாள் நறுக்கு ஒன்று கிடக்கிறது. பக்கத்துப் பக்கமாக இரண்டு பத்திகள், மேலே இரண்டு தலைவர்களின் படங்கள், கீழே பொடி எழுத்தில் என் பெயர்.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழின் பினாங்குக் கிளையில் நிருபர். ஜார்ஜ்டவுனில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் அலுவலகம். அரசியல்வாதிகளின் மலாய் அறிக்கைகளைத் தமிழாக்குவது என் வேலை. பட்ஜெட் தாக்கலான ஒரு நாளில் எதிர்க்கட்சித் தலைவர், பற்றாக்குறை வருங்காலத் தலைமுறைக்குச் சுமை என்று சப்பென்று சொல்லியிருந்தார். நாலு புத்தகம் படித்த கை அல்லவா, அரித்தது. 'பேரப்பிள்ளைகள் தட்டிலுள்ள சோற்றை இன்றே அள்ளித் தின்கிறார்கள்' என்று நானாகச் சேர்த்துவிட்டேன். அவர் மறுக்கவில்லை. தமிழ் தெரியாதவருக்கு மறுக்க வழியும் இல்லை.

பிறகு ஆட்சி மாறியது. சோற்றைக் காத்தவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். பந்தியிலிருந்து எழுந்தவர்கள் பற்றாக்குறையைக் கண்டு பதறினார்கள். இவர் அவரை வேடதாரி என்றார், அவர் இவரை. புதிய எதிர்க்கட்சித் தலைவரின் அறிக்கை பழையதை அச்சாக ஒத்திருந்ததால், பழைய கோப்பைத் திறந்து பெயரையும் கட்சியையும் மட்டும் மாற்றினேன். மதியத்துக்கு வாங்கி வைத்த நாசி கண்டார் சோறும் குழம்பும் ஆறிவிடுமே என்ற அவசரம்.

எங்கள் பிழைதிருத்துநரை எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரியில் வருவார். அவர் கையொப்பம் இல்லாமல் பினாங்குப் பக்கம் அச்சுக்குப் போகாது. நிறுத்தக்குறிகளையும் சேர்த்து உரக்கப் படிப்பது அவர் முறை. அவர் சொல்லும் "கமா" கீழே கடைக்கும் கேட்கும். அன்று அந்தச் சோற்று வரிக்கு வந்ததும் நின்றார்.

"தம்பி, இந்தச் சோத்த நான் முன்னமே சாப்பிட்டுட்டேன்லா."

அலமாரியிலிருந்து பழைய பக்கம் வெளியே வந்தது. நான் வாய் திறப்பதற்குள் முடிவும் செய்துவிட்டார்: இரண்டும் பக்கத்துப் பக்கமாக நாளைய தாளில் வரும். முறைப்படி இரு தரப்பிடமும் கருத்துக் கேட்க என்னையே போன் போட வைத்தார். சற்று நேரத்தில் ஆளுங்கட்சியின் தொகுதிச் செயலாளர் வியர்வையைத் துடைத்தபடி படியேறி வந்தார்.

"அக்கா, அன்னிக்கு நாங்க சொன்னது கொள்கை. இன்னிக்கு அவங்க சொல்றது நடிப்பு. ரெண்டையும் ஒண்ணா போட்டா எப்படி?"

"அப்போ இன்னிக்கு நீங்க போட்டிருக்கிற பற்றாக்குறை என்னண்ணே?"

"அது முதலீடு அக்கா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க தலைமையகத்துல பேசுவேன். அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"பேசுங்க. ஒரு கமாவையே விடமாட்டேன், இத விடுவேனா?"

அவர் இறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா தன் வேலையைப் பணயம் வைத்துக் காத்த அந்தச் சோறு இரண்டு தலைவர்களும் வடித்ததல்ல, நான் வடித்தது. பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் ஊரில் இன்னொருவனை வேடதாரி என்று சொல்ல எனக்கு வாய் ஏது? அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.



"அப்போ நீதான் மூணாவது கட்சி." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. சோத்த எடுத்துட்டுப் பாப்போம்."

இரண்டு மலாய் அறிக்கைகளையும் சொல்லுக்குச் சொல் மறுபடி தமிழாக்கினோம். அக்கா கமா கமாவாகப் படித்தார். என் அலங்காரம் போன பின்னும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். அப்படியே போட்டோம். முன்பு வந்த சோறு நிருபரின் கைச்சரக்கு என்று கீழே ஒரு குறிப்பு. என் பெயரில்லாமல் அதை அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை.

அவர் வேலை போகவில்லை. மறுநாளே இரண்டு கட்சிக்காரர்களும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, தங்கள் தலைவர் இருந்த பாதியை வெட்டிவிட்டு, எதிராளியின் வேடத்துக்கு ஆதாரம் என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். கட்சிகளே பரப்பிய பக்கத்துக்கு யாரைத் தண்டிப்பது?

இந்த ஆண்டும் பற்றாக்குறை வந்தது. கூடவே வேடதாரிப் பட்டங்களும் வந்தன. நறுக்கை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒரு பருக்கைகூடச் சேர்க்காமல் இரு தரப்பையும் தமிழாக்கினேன். பெருமை தாங்காமல், இப்போது பாலிக் புலாவில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். பதில் குரல் பதிவாக வந்தது.

"ஒரு பிழை இல்ல தம்பி. ஆனா பாதியிலயே தூங்கிட்டேன்லா. அந்தச் சோறு இருந்தப்ப முழுசா படிச்சேன்."