கேட்கும் நேரமெல்லாம்

மாவு சட்டியில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஓரம் மெல்லிய சரிகையாய் எழும்புகிற நேரம் பார்த்துத்தான் பரிமளம் எழுந்து போவாள். எதிரே வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கரண்டியை மாவுப் பானைக்குள் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி சேலைத் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். அங்கே தொட்டிலில் அவளுடைய மகன் முத்து கிடக்கிறான். மூன்று மாதம் ஆகிறது. அவன் அழுதிருக்கவே மாட்டான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, கையை மடக்கி வாய்க்குள் திணிக்கப் பார்த்திருப்பான், அவ்வளவுதான். கண்டி ரோட்டில் லொறி போகிற இரைச்சலுக்குள்ளும் அந்தச் சின்ன முனகல் அவளுக்குக் கேட்டுவிடுகிறது.

"அப்பம் கருகுது தாயி!" என்று குரல் கொடுப்பார் பஸ் கண்டக்டர் நடராஜா.

"எடுத்துப் போட்டுக்கங்கண்ணே. மூடியத் தொறந்துட்டு ஓரத்தச் சுத்தி நெம்பி விட்டீங்கன்னா வந்துரும்," என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

நடராஜா காக்கி உடுப்போடு அடுப்படியில் குந்துவார். முதல் வாரம் மூன்று அப்பத்தைக் கிழித்தார். இப்போது கிழிப்பதில்லை. டிரைவர் ஹோர்ன் அடித்தால், "பொறு, இன்னொண்ணு வேகுது," என்று இவரே சத்தம் போடுகிறார். பஸ்ஸெல்லாம் அரசாங்கத்துக்குப் போனதிலிருந்து கண்டக்டர்மாருக்கு மரியாதை கூடியிருக்கிறது என்பார்கள். உக்குவளையில் அப்பமும் சுடுகிற கண்டக்டர் இவர் ஒருவர்தான்.

தோட்டத்து ரோடு மலையிலிருந்து இறங்கிக் கண்டி ரோட்டில் முட்டுகிற மூலையில் அந்தக் கடை. நாலு மரக்கால், மேலே தகரம், மூன்று அடுப்பு. விடியும்போது பிள்ளையை மாரில் கட்டிக்கொண்டு, தலையில் மாவுப் பானையோடு தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி வருவாள். கணவன் செல்லையா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறான். வேலை முடிந்து வந்து பானையை அவன் தூக்கிப் போவான். சம்பலை அம்மியில் அவளே அரைக்கிறாள். உறைப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், "இன்னிக்கி மொளகாய்க்கு ரோசம்," என்பாள்.

பிள்ளையிடம் அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். வாடிக்கைக்காரர்களை விட அவனுக்குத்தான் மரியாதை அதிகம். "வந்துட்டேன்ல? சும்மா பறக்காதீங்க. ஒங்களுக்குத்தான, வேற யாரு குடிக்கப் போறா?" தாலாட்டெல்லாம் பாட வராது. அவன் ஒரு பக்கம் குடித்து முடித்துத் தானாக வாயை எடுக்கிற வரை இருப்பாள். மறு பக்கம் கொடுத்துப் பார்ப்பாள். வேண்டாமென்றால் தோளில் போட்டுத் தட்டிவிட்டு அடுப்புக்குத் திரும்புவாள். சில சமயம் இரண்டு அப்பம் வேகிற நேரத்துக்குள் மறுபடி கூப்பிட்டுவிடுவான். அப்போதும் போவாள்.

"இப்பத்தான குடுத்த?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் முகம் மாறும்.

"ஒங்களுக்குத் தாகம் எடுக்கறது என்னையக் கேட்டுட்டா எடுக்குது?"

பரிமளம் இதற்கு முன் ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் வேலை. மூத்தவள் அழகாயி பிறந்த பிறகும், பேறுகாலத்து ஓய்வு முடிந்ததும் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறினாள். கைக்குழந்தைகளைத் தாய்மார் விட்டுப் போகிற நீளமான கட்டடம் அது. வெட்டிய பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க வர முடியும். அதற்குள் மார் கல்லாகிவிடும். மரத்துக்கு மரம் சிரட்டையில் வெள்ளையாய்ப் பால் சொட்டிக்கொண்டிருக்க, அவள் மரத்தின் மறைவில் நின்று தன் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள். கீழே காம்பராவில் அழுது அழுது ஓய்ந்த குழந்தைக்குச் சீனித் தண்ணீர் போனது. போகப் போக மார் கட்டுவதும் நின்றது, பாலும் நின்றது. பால்மா வாங்கித் தண்ணீராய்க் கரைத்துக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அழகாயி போய்விட்டாள்.

வெகுகாலம் கழித்து முத்து வயிற்றில் தங்கினான். அவன் பிறந்தபோது வந்த அரசாங்கத்து மருத்துவச்சி, மிட்வைப் நோனா, சிங்களம் கலந்த தமிழில் சொன்னாள். "பபா கேக்குற நேரமெல்லாம் குடுக்கணும். ராவு, பகல் எல்லாம். ஒர்லோசு, மணிக்கூடு பாக்க வேணாம், பபாவப் பாக்கணும். அவன் எடுக்க எடுக்க ஊறும்." ஈரத்துணி நிறைய மாற்றினால் பால் போதுகிறது என்று அர்த்தம், சில நாள் விடாமல் கேட்பான், அது வளர்கிற நாள், பயப்படாதே என்றும் சொன்னாள்.

பரிமளம் அதை மனதில் போட்டுக்கொண்டாள். ஓய்வு முடிந்ததும் கங்காணி வந்து கூப்பிட்டபோது சொல்லிவிட்டாள்.

"நான் வரலைங்க."

"பேர வெட்டிருவாங்க, புள்ள."

"வெட்டட்டும்."

மறு வாரம் மூலையில் அடுப்பு மூட்டினாள். அந்த மூலை நிலம் உக்குவளையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஸக்கரியா முதலாளியுடையது. "ரோட்ட மறைக்காமச் சுட்டுக்க," என்று இடம் கொடுத்தவர் அவர்தான். போ என்று அவர் ஒரு சொல் சொன்னால் அடுப்பு அணைந்துவிடும். பிறகு திரும்பவும் மலைதான், காம்பராதான். அதனால்தான் போன மாதம் அவருடைய இளைய மகளின் கல்யாணத்துக்கு அப்பம் சுடக் கூப்பிட்டபோது, பரிமளத்துக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

"கள்ளுப் போடாம மாவு புளிக்கணும். எங்கட ஊட்டுல அது ஆகாது," என்றார் முதலாளி.

"இளநீ விட்டுப் புளிக்க வெச்சிர்றேங்க."

"புள்ளய ஊட்டுல உட்டுட்டு வா. ஒரு காலைக்குத்தானே? பால்மா கரச்சிக் குடுக்கச் சொல்லு."

பரிமளம் குனிந்து அடுப்பைப் பார்த்தாள். "புள்ள வரலேன்னா அப்பமும் வராதுங்க, முதலாளி," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. ஸக்கரியா ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரி, கொண்டா."

கல்யாணக் காலையில் குசினிக்குள் அவளுக்கென்று ஆறு அடுப்பு மூட்டியிருந்தார்கள். மூலையில் ஒரு பாயும் போட்டிருந்தார்கள். மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. முதல் நூறு அப்பம் மளமளவென்று இறங்கி முதல் பந்திக்குப் போயிற்று. அப்புறம் முத்து தொடங்கினான். அன்றைக்கென்று பார்த்து, வளர்கிற நாள். குடித்தான், கண்ணயர்ந்தான், பாயில் விட்டதும் விழித்தான், மறுபடி குடித்தான். பரிமளம் எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். தட்டுகள் காலியாகவே கிடந்தன. மாத்தளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய சத்தம் வாசலில் கேட்டது.

"எங்க அப்பம்? ஆக்கள் வந்து குந்தீட்டாங்க!" ஸக்கரியா முதலாளி குசினி வாசலில் வந்து நின்றார். புதுத் தொப்பி, வேர்த்த முகம். "என்ட மானத்த வாங்கவா ஒனக்கு எடம் குடுத்தேன்..."

அடுப்புகளின் முன்னால் யாருமில்லை. பரிமளம் மூலையில் பாய்மீது, சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பிள்ளையை அவள் எடுக்கவில்லை.

"குடிச்சிட்டிருக்கான் முதலாளி," என்றாள். "விட மாட்டேங்கறான்."

அந்தக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஸக்கரியா சட்டென்று முற்றத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தட்டு எடுக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். வாசல் நிலையில் கையைக் குறுக்கே வைத்தார். "அங்கனயே நில்லுங்க. உள்ள புள்ள பால் குடிக்குது." பிறகு வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார். "மஸீஹா! நீ வந்து சட்டியப் புடி!"

அவருடைய மனைவி மஸீஹா கல்யாணப் பட்டோடு வந்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் அப்பம் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் ஓட்டையாய் வந்தது. "தின்னட்டும், சம்பந்திமாருதானே," என்று அதையும் தட்டில் போட்டாள்.

தாயோடு கூடவே சம்பல் சட்டியைக் கொண்டு வந்த மூத்த மகள் றஹீமா, அதை வைத்துவிட்டும் போகாமல் நின்றாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது அவளுக்கு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அக்கா, காலையிலருந்து எத்தன தரம் குடுத்தீங்க?"

"எண்ணுறதில்ல தங்கச்சி."

றஹீமா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள். "எனக்கு ஆஸ்பத்திரியில மணிக்கூட்டப் பாத்துக் குடுக்கச் சொன்னாங்க. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. நடுவுல குடுத்தா வயிறு கெட்டுப்போகுமாம். புள்ள அழுவுற நேரம் கேக்க ஏலாம நான் கிணத்தடிக்குப் போயிருவேன். இப்ப பாலும் கொறஞ்சிட்டு. எனக்குத்தான் என்னமோ குறை போல."

"ஒங்களுக்குக் குறை ஒண்ணுமில்லீங்க. எடுக்க எடுக்கத்தான் ஊறும்னு மிட்வைப் நோனா சொன்னாங்க. எனக்கும் ஒரு தடவ வத்திப் போச்சு." பரிமளம் முத்துவின் உச்சியில் கையை வைத்துக்கொண்டாள். "மூத்தது ஒண்ணு இருந்திச்சி எனக்கு. அழகாயின்னு பேரு. அது கேட்டப்போ நான் மலையில இருந்தேன்."

அந்தப் பெயரைச் செல்லையாவிடம் கூட அவள் பல காலமாகச் சொன்னதில்லை. மஸீஹாவின் கரண்டி ஒரு கணம் நின்று மறுபடி ஓடிற்று.

உள்ளறையில் குழந்தை அழத் தொடங்கியது. றஹீமாவின் கண் தானாகவே நடுவறைச் சுவரில் இருந்த மணிக்கூட்டுக்குப் போயிற்று. கொடுக்கிற நேரத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

மஸீஹா அடுப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே, "போ மகள்," என்றாள்.

றஹீமா போனாள். போன வேகத்தில், மெலிந்து சிவந்த ஒரு முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு குசினிக்கே திரும்பி வந்தாள். வாசலில் அவளுடைய வாப்பா ஸக்கரியா இன்னும் முதுகைக் காட்டியபடியே நின்றார். புகைக்கும் தட்டுகளுக்கும் தேங்காய்க் கோம்பைகளுக்கும் நடுவே எங்கே உட்காருவதென்று தெரியாமல் அவள் நின்றாள்.

பரிமளம் முத்துவை அணைத்த கையை எடுக்காமலே சுவரோரமாக நகர்ந்து, சுருண்டு கிடந்த பாயின் மறு பாதியை மற்றக் கையால் விரித்துவிட்டாள்.