கழட்டக் கூடாத பவளம்

பவளம் கல் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே சுந்தரலிங்கத்துக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது.

குருவிட்ட பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் இரத்தினபுரிக்கு வந்து, கபூர் நானாவின் பட்டறையில் மோதிரத்துக்குக் கல் பதிக்கப் பழகி, பிறகு பஜாரில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டார். இப்போது ஐம்பத்தெட்டு வயது. தோண்டினால் இரத்தினக் கல் வரும் ஊர் என்பதால், பவளத்தைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் "இது எந்தக் குழியில எடுத்தது?" என்றுதான் கேட்பார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதைத் தெரிந்துகொள்ள அவர் கொஞ்சமா பாடுபட்டார்? மனைவி இலட்சுமியை இழுத்துக்கொண்டு ஹிக்கடுவைக் கடற்கரைக்குப் போய், கண்ணாடி அடி போட்ட படகில் ஏறிப் பார்த்தார். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒன்று, மான்கொம்பாகக் கிளைவிட்டது ஒன்று, மேசையாகப் பரந்தது ஒன்று. எல்லாம் பிராணிகள் என்றான் படகுக்காரன். பொடிப் பொடி உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பில் கட்டிய வீடாம். உடம்புக்குள் குடியிருக்கும் பாசிதான் அவற்றுக்குச் சாப்பாடு ஆக்கிப் போடுமாம். கடல் சூடானால் பாசி வெளியேறி, பவளம் வெளுத்து, பட்டினியில் கிடக்குமாம். மோதிரத்துக்கு வரும் சிவப்புப் பவளம் வேறு இனம், தூரக் கடலின் இருட்டு ஆழத்தில் பாசித் துணையில்லாமல் வளர்வது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டார். இலட்சுமி ஒன்றையும் பார்க்கவில்லை. போய்த் திரும்பும்வரை வாந்தி எடுத்தாள்.

இத்தனை தெரிந்த மனிதரிடம்தான் போன செவ்வாய்க்கிழமை ஏழுமலை வந்து மோதிரத்தை மேசையில் எறிந்தான். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கும் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறவன். எட்டு மாதத்துக்கு முன் செவ்வாய் தோஷத்துக்கு வாங்கிப் போட்ட மோதிரம். பவளம் வெளிறி, சொரசொரத்து, பாதியாகக் கரைந்திருந்தது.

"பிளாஸ்டிக்கைக் குடுத்து ஏமாத்திட்டீங்க முதலாளி. எங்க தோட்டத்துல பதினெட்டுப் பேரு உங்க பவளம் போட்டிருக்காங்க. நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

பதினெட்டுப் பேர் வாசலில் நின்று கத்தினால், நாற்பது வருஷம் சேர்த்த பெயர் ஒரே காலையில் போய்விடும். கோபத்தில் சுந்தரலிங்கம் ஒரு பவளத் துண்டை எடுத்து வைத்து, அதன்மேல் தேநீருக்கு வைத்திருந்த புளித் தேசிக்காயைப் பிழிந்தார். துண்டு நுரைத்தது.

"பார்த்தியா? பிளாஸ்டிக் நுரைக்குமா? இது சுண்ணாம்பு! புளிப்பு பட்டாலே அரிச்சிடும். நீ ஸ்டோர்ல என்ன வேலை பண்றே?"

"பால் உறையறதுக்கு அசிட் ஊத்திக் கலக்குவேங்க. தட்டுத் தட்டா."

"மோதிரத்தோடயா?"

"மோதிரத்தோடதாங்க."

"அட முட்டாளே! அசிட்டுக்குள்ள கைய விடுறவன் அதைக் கழட்டி வைக்க வேணாமா? எவன்யா உனக்குப் புத்தி சொன்னது?"

ஏழுமலை அவரை வெறித்துப் பார்த்தான்.

"நீங்கதாங்க. ராப்பகல் கழட்டவே கூடாது, கழட்டுனா பலன் போயிரும்னு நீங்கதானே விரல்ல போட்டு விட்டீங்க."

உண்மைதான். கடை திறந்த நாளிலிருந்து, மோதிரத்தை விரலில் மாட்டும்போதெல்லாம் அவர் சொல்கிற வாசகம் அது. கல் இல்லை என்று சொன்னாரே தவிர, அது பிராணி கட்டிய சுண்ணாம்பு வீடு, அசிட் ஆகாது என்று எவனிடமும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எந்தக் குழி என்று கேட்டவர்களிடம் சலித்துக்கொண்டதோடு சரி.

"அந்தப் பதினெட்டுப் பேரும் எங்க வேலை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லாரும் என்னை மாதிரி ஸ்டோர்லதாங்க, அசிட் வேலை."

தன்மேலேயே எரிச்சலாக வந்தது. மோதிரத்தை எடுத்து, மிச்சமிருந்த பவளத்தைக் கழற்றி, புதுசு ஒன்றைப் பதித்துக் கொடுத்தார். ஏழுமலை அதை விரலில் மாட்டப் போனான்.

"சட்டைப் பையில போடு. வேலை முடிஞ்சு கை கழுவிட்டு மாட்டு."

"கழட்டினா செவ்வாய் கோவிச்சுக்காதுங்களா?"

"பவளமே கரைஞ்சு போனா எதை வச்சுய்யா கோவிச்சுக்கும்?" என்று கத்திவிட்டு, குரலைத் தணித்தார். "நாளைக்கு யாரையும் கூட்டிட்டு வராதே. விடிய முதல் பஸ்ல நானே வர்றேன். அவங்க அசிட்டுல கைய வைக்க முந்தி வந்துடறேன்."