கொண்டைக்கடலைக்கு எதிர்த்தட்டில் ஒரு மலை

அறுபதுகளின் தொடக்கத்தில், படிப்பு முடிந்த கையோடு திருப்பதியில் ஒரு ஹைஸ்கூலில் தற்காலிக சயன்ஸ் வாத்தியாராகச் சேர்ந்தேன்; அந்த ஊர்ப் பேச்சில் 'பந்துலு'. எனக்கு ஊர் சித்தூர். கிறிஸ்தவ மிஷன் சபைக் குடும்பம். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் பள்ளிக் கமிட்டியின் முன் ஒரு மணி நேரம் பேசிக் காட்ட வேண்டும். ஏதாவது பாடப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பேசியிருக்கலாம். நானோ சென்னையில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் படித்த நியூட்ரான் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம்தான். பெரிய நட்சத்திரம் ஒன்றின் நெருப்பு அடங்கி, உட்பகுதி தன் பாரத்தாலேயே நொறுங்கினால், எலெக்ட்ரான்கள் புரோட்டானுக்குள் அமுங்கி நியூட்ரானாகிவிடும். வெற்றிடம் தொலைந்தது. சூரியன் அளவு சரக்கு, சித்தூரிலிருந்து குடிபாலா வரைக்குமான ஏறக்குறைய பத்து மைல் அகலத்தில் ஒரே உருண்டையாக அடங்கிவிடும்!

கமிட்டிக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். அந்தக் கொட்டாவிதான் என்னைக் கெடுத்தது.

"கோவில்ல துலாபாரம் பார்த்திருப்பீங்க. ஒரு தட்டுல அந்த நட்சத்திரத்துல கொண்டைக்கடலை அளவு வைங்க. எதிர்த்தட்டுக்குக் கற்கண்டு போதாது. அலிபிரிக்கு மேல தெரியுதே, அந்த ஏழுமலையிலேருந்து ஒரு குன்றையே பேர்த்து வைக்கணும்."

கொட்டாவி நின்றது. கமிட்டித் தலைவர், ஜவுளிக்கடைக்காரர், எழுந்தார்.

"ஏமய்யா பந்துலு, சாமி மலையப் பேத்து தராசுல வெக்கிறியா? மிஷன்ல இதான் கத்துக் குட்த்தாங்களா?"

"உதாரணங்க அது."

"அந்த நட்சத்திரத்த எவன் பாத்தான்?"

"இன்னும் யாரும் பார்க்கலைங்க. கணக்குதான் சொல்லுது."

கமிட்டியில் ஒரே சிரிப்பு. தலைவர் விடவில்லை. "பாக்காதத நம்புறதுக்கு எங்ககிட்ட கோவில் கீதுப்பா. உன்கிட்ட இன்னா கீது?"

ஹெட்மாஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினார். நான் அடங்கவில்லை. "என் கணக்கு தப்புன்னா தப்புன்னு காட்ட வழி கீது. உங்ககிட்ட அது இல்ல."

மறுநாள் ஹெட்மாஸ்டர் எழுதி வைத்த காகிதம் ஒன்றை நீட்டினார். இரண்டே வரி. மலையை உதாரணம் காட்டியதற்கு வருந்துகிறேன். நான் சொன்ன எடையும் தவறு.

"முதல் வரிக்கு மட்டும் கையெழுத்துப் போடறேன் சார்."

"ரெண்டும் சேத்துத்தாம்பா. போட்டுட்டு வேலையப் பாரு. நட்சத்திரம் வந்து கோச்சிக்கவா போவுது?"

இரண்டாவது வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். அவர் காகிதத்தை நாலாகக் கிழித்தார். மத்தியானத்துக்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

சித்தூரில் அப்பா, எங்கள் வீட்டில் நைனா, வாசலிலேயே பிடித்துக்கொண்டார். செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது.

"சபைக்காரப் புள்ளைக்குத் துலாபாரம் எதுக்குடா? வாத்தியார் வேலைக்குப் போனியா, கோவில்ல வேடிக்க பாத்துக்கினு இருந்தியா? ஞாயித்துக்கெழம பாதிரியார் மூஞ்சில எப்பிட்றா முழிப்பேன்?"

"வேலை போச்சு நைனா."

"போவட்டும். தராசுன்னு ஏன்டா வாயத் தொறந்த?"

அந்த மாதமே என் இடத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அந்தக் கடலை அவ்வளவு எடை எப்படி இருக்கும் என்று இரண்டு ஊரிலும் ஒருத்தன்கூட என்னைக் கேட்கவில்லை. வேலையைப் பிடுங்கியதை என்றாவது மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.