காக்கை தின்ற முட்டை

ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் பிறருக்கு விதிகளைப் போதித்தவன் நான். எங்கள் பூனை மணிக்குச் சர்க்கரை நோய் என்றதும் வீட்டில் ஒரு பதிவேடு திறந்தேன். மயிலாப்பூர் சைவ வீட்டில், மணிக்காகக் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பில் முட்டை வெந்தது. அது தின்றபின் ஏழு மணிக்கு இன்சுலின். அதன் சிறுநீரில் நீலக் கரைசல் சேர்த்துச் சோதனைக் குழாயில் காய்ச்சி, நிறத்தை வைத்துச் சர்க்கரை பார்ப்பதும் என் வேலைதான்.

ஒருநாள் காலை கொல்லையில் மணியின் தட்டு காலியாக இருந்தது. 'சாப்பிட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு ஊசி போட்டேன். சிறிது நேரத்தில் மணி தள்ளாடி விழுந்தது. கால்கள் வெட்டி இழுத்தன.

மனைவி கமலா கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். மதிலில் காக்கைக்கு வைத்த சாதம் அப்படியே இருந்தது. பக்கத்தில் மஞ்சள்கரு சிந்தியிருந்தது.

"காக்கா தின்ன முட்டைக்கு மணிக்கு ஊசி போட்டிருக்கேளே!"

சொல்லிக்கொண்டே குளுக்கோஸ் பொடியைக் குழைத்து மணியின் ஈறில் தடவினாள். ஆட்டோவில் அடையாறு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். வழியிலேயே மணி கண் விழித்தது.

"சார், மேடம்தான் காப்பாத்தியிருக்காங்க" என்றார் மருத்துவர்.

இரண்டு வருடமாகிறது. மணி மதிலேறுகிறது. ஊசி போடக் கற்றுக்கொள்ளப் பூனை வளர்ப்பவர்களை மருத்துவர் எங்கள் வீட்டுக்கு அனுப்புகிறார். மணி கடைசி வாய் விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறேன். பதிவேட்டில் 'கண்ணால் கண்டது' என்று புதிய பத்தி சேர்த்திருக்கிறேன். அதில் கமலாவும் கையெழுத்திட்டால்தான் ஊசியைத் தொடுவேன்.