கூட்டாளி என்று ஒரு சொல்

மலேசியாவில், எங்கள் கெடா மாநிலத்தில் சிநேகிதியைக் ‘கூட்டாளி’ என்போம். தமிழ்நாட்டிலிருந்து ஒரு கருத்தரங்குக்கு வந்திருந்த பேராசிரியரிடம் ஒருமுறை “இவ என் கூட்டாளி சார்” என்று ஒருத்தியை அறிமுகப்படுத்தினேன். அவர் ஆர்வமாக, “அப்படியா, ரெண்டு பேரும் சேர்ந்து என்ன தொழில் பண்றீங்க?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தொழிலில் பங்கு வைத்திருப்பவர் என்று பொருளாம். எங்களுக்கு அப்படியொரு பொருள் இருப்பதே நினைவில் இல்லை.

அந்த ஒருத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தோம். அவள் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலை விரிவுரையாளர் ஆனாள். நான் சுங்கை பட்டாணியில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் தரவு அறிவியல் ஆராய்ச்சிக்கு மானியம் தருகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் அவள்தான் எனக்கு போன் செய்தாள்.

“ஒங்கிட்ட அந்த ஐடியா இருக்குல்ல, அத வெச்சு போடுவோம் லா. நீயும் நானும் சேந்து.”

அந்த யோசனை எனக்கு வந்ததே ஒரு கூத்தில்தான். பாடாங் செராயில் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் போனை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு, “பிங்காங் வலிக்குது” என்று டாக்டருக்குச் செய்தி அனுப்பப் பார்த்தார். பிங்காங் என்றால் மலாயில் இடுப்பு. போன் அதை ‘பீங்கான் வலிக்குது’ என்று எழுதியது. சிரித்து முடித்தபின் எனக்குப் பயமாக இருந்தது. கிளினிக்குகளில் இனி எல்லாவற்றையும் இப்படிப் பேசிப் பதிவதுதான் வரப்போகிறது என்கிறார்கள். எங்கள் ஆட்கள் பாதி தமிழும் பாதி மலாயுமாகத் தங்கள் நோவைச் சொல்வார்கள். மெஷின் எதையாவது எழுதி வைக்கும். அதனால் எங்கள் பேச்சையே திரட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் குறித்து, அதை வைத்து மெஷினுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமைதோறும் சுங்கை பட்டாணியில் ஒரு மாமாக் டீக்கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோம். எந்த முறையில் திரட்டுவது, எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் நான் எழுதினேன். அதற்குப் பவுடர் பூசிப் பொட்டு வைப்பது அவள் வேலை. நான் ‘தோட்டத்திலிருந்து வந்தவர்கள்’ என்று எழுதினால் அவள் அதை ‘பின்தங்கிய, பாதிப்புக்குள்ளாகக்கூடிய சமூகம்’ என்று மாற்றுவாள்.

“நம்ம அப்பாம்மாவையா இப்படி எழுதுற?” என்று கேட்டேன்.

“பாவமா எழுதுனாத்தான் லா குடுப்பாங்க.”

தலைமை ஆய்வாளராக அவள் பெயர் இருக்கட்டும், துணை ஆய்வாளராக என் பெயர் இருக்கட்டும் என்று பேசிக்கொண்டோம். எங்கள் கல்லூரிப் பெயரைப் பார்த்தால் யாருக்கும் மயக்கம் வராது என்று எனக்கும் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்துதான் விண்ணப்பத்தை அனுப்ப முடியும் என்றாள். சரி, நீயே அனுப்பு என்றேன். அனுப்பியதைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. கூட்டாளியிடம் போய் யார் அப்படிக் கேட்பார்கள்? எங்கள் பக்கத்தில் அது அவமரியாதை.

விண்ணப்பத்தோடு மாதிரிக்குச் சில குரல்கள் வேண்டியிருந்தன. அதைத் திரட்ட நான்தான் அலைந்தேன். பாடாங் செராய், கரங்கான், மெர்போக் என்று என் பழைய காரில் வீடு வீடாகப் போனேன். நிறையப் பேர் முதுகு வலி, சர்க்கரை என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினார்கள். பாடாங் செராயில் ஒரு அக்கா மட்டும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சித்தி வீட்டுக்குப் பின்வரிசையில் இருப்பவர், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். என்னைச் சிறு வயதிலிருந்து தெரியும்.

“நெசமாவே சொல்லவா? யாரும் கேக்க மாட்டாங்கல்ல?”

“நானும் என் கூட்டாளியும்தான் கேப்போம் கா. அப்புறம் மெஷின். வேற யாருக்கும் போகாது.”

அவர் சொன்னார். இருமினால், தும்மினால், ஒரு பெட்டியைத் தூக்கினால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. அடிவயிற்றிலிருந்து ஏதோ கீழே இறங்குவது போல் இருக்கிறது. வேலை நேரத்தில் உடை மாற்ற ‘தண்டாஸ்’, கழிப்பறைக்குப் போனால் மேற்பார்வையாளர் முறைக்கிறான். கிளினிக்கில் இதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல், “சாக்கிட் பெருட்”, வயிற்று வலி என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வருகிறார். கணவருக்குத் தெரியாது. சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே போனது. கடைசியில் என் கையைப் பிடித்து, “தங்கச்சி, இது ஒன்னோட இருக்கட்டும்” என்றார். இருக்கும் என்று சொன்னேன். அந்த ஒரு பதிவுக்காகவே இந்த மானியம் கிடைக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கோப்புறை வைத்திருந்தோம். பதிவுகளை எல்லாம் அதில் போட்டேன். அக்காவின் பதிவுக்கு மேல் ‘வெளியில் கூடாது’ என்று எழுதினேன். போதாதென்று அவளிடம் வாயாலும் சொன்னேன். “தெரியும் லா, நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்றாள்.

முதல் சுற்றில் தேறிவிட்டோம். நேர்முகத்துக்கு அலோர் ஸ்டாரில் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கல்லூரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிப் போனேன். வழியில் அவள் காரில் நான் என் பகுதியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் தமிழர் என்று பார்த்ததும் தெரிந்தது. நடுவில் இருந்தவர் என்னைக் காட்டி, இவர் யார், பட்டியலில் காணோமே என்று மலாயில் கேட்டார். அவர் தவறவிட்டிருப்பார் என்று நினைத்து நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“காவான் சாயா. ஓராங் எஸ்டேட்.”

என் சிநேகிதி, தோட்டத்து ஆள். ஆய்வில் உடன் உழைப்பவருக்கு மலாயில் ‘ராக்கான்’ என்று வேறு சொல் இருக்கிறது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. விண்ணப்பத்தில் எத்தனையோ இடத்தில் நாங்களே எழுதிய சொல்தான். தமிழில் ஒரே கூட்டாளியாக இருந்தவளை மலாய்க்கு மாற்றும்போது அவள் வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். என் பெயர் எப்போதோ போய்விட்டது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் எனக்குப் புரிந்தது. எழுந்து போகவும் தோன்றவில்லை, உட்காரவும் முடியவில்லை.

என் முறைகளை அவள் என் வார்த்தையிலேயே சொன்னாள். நன்றாகவே சொன்னாள். அதற்கப்புறம், இப்போதிருக்கும் மெஷின்கள் எவ்வளவு மோசம் என்று காட்டுகிறேன் என்று ஒரு குரலை ஒலிக்க விட்டாள். அக்காவின் குரல். கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மட்டும் சொன்ன குரல், அந்த அறையின் நான்கு மூலையிலும் கேட்டது. அது ஓட ஓடப் பக்கத்துத் திரையில் மெஷின் அதைக் கண்டபடி மலாயில் எழுதிக்கொண்டு போனது. அடிவயிறு இறங்குவதை, பஸ்ஸிலிருந்து யாரோ இறங்குவதாக எழுதியது. இரண்டு ஆண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தத் தமிழ்ப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

கார் நிறுத்துமிடத்தில் அவளை நிறுத்திக் கேட்டேன். என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

“எதுக்கு லா கத்துற? ஒங்க காலேஜ் பேரு இருந்தா மார்க் கொறையும். மொதல்ல கெடைக்கட்டும், அப்புறம் ஒன்ன எப்படியாச்சும் உள்ள போட்டுக்கிறேன்.”

“என்ன விடு. அக்கா குரல எதுக்குப் போட்ட?”

“பேரு போட்டேனா? ஊரு போட்டேனா? அவங்க மெஷினப் பாத்துதான சிரிச்சாங்க.”

“வெளிய கூடாதுன்னு சொன்னேன்ல?”

“அதான் லா நல்ல சாம்பிள். அது இல்லாட்டி இன்னிக்கு அவங்க நிமுந்தே பாத்திருக்க மாட்டாங்க. இதுக்கெல்லாமா பெர்காடோ? நாம கூட்டாளி தானே.”

பெர்காடோ என்றால் சண்டை. அவள் முகத்தில் ஒரு துளி குற்ற உணர்ச்சி இருந்திருந்தால்கூட அறைந்திருப்பேன். நான் ஏன் இவ்வளவு சின்ன விஷயத்துக்குக் குதிக்கிறேன் என்று அவள் நிஜமாகவே குழம்பி நின்றாள். கறிவேப்பிலையாக என்னைத் தூக்கிப் போட்டது எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அதை என்னால் விழுங்கியிருக்க முடியும். அக்கா குரலைப் போட்டதை விழுங்க முடியவில்லை. அவள் காரில் ஏறாமல் பஸ் பிடித்து வந்தேன்.

மானியம் கிடைத்துவிட்டது. ‘கெடச்சிருச்சு லா!’ என்று பூ, இதயம், கேக் எல்லாம் போட்டு அனுப்பினாள். நான் ஒரே ஒரு வரி திருப்பி அனுப்பினேன்: அக்கா பதிவை அழித்துவிடு. அது இப்போது பல்கலைக்கழகத்தின் தரவு, தன்னால் தனியாக அழிக்க முடியாது, எழுதிக் கேட்டால் குழுவில் வைத்துப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அதில் அவள் வழக்கமாகப் போடும் ‘லா’ இல்லை. எழுதிக் கேட்டேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மானியச் செய்தி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடாங் செராய்க்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் அக்காவிடம் சொல்லப்போவதில்லை. ஆனால் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பின்வாசல் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா வா. மெஷின் நம்ம கிளினிக்குக்கு வந்திருச்சா?”

உள்ளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டல், திரை, சிரிப்பு, எதையும் விடவில்லை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கேட்டவங்க ஆம்பளைங்களா?”

“ரெண்டு பேரு ஆம்பளைங்க கா.”

மடியில் இருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். எனக்குத் தாங்கவில்லை. “நான் போடல கா, அவதான் போட்டா. என் பேரையே எடுத்துட்டா. என்னையும் சேத்துத்தான் ஏமாத்திட்டா” என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

“அந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாது தங்கச்சி. நான் ஒங்கிட்டதான் சொன்னேன்.”