மருந்தில்லா ஆடு

மாமா வீட்டுக் கொல்லையில் ஆடுகள் இப்போது தண்ணீர் குடிக்கிற எனாமல் மங்குக் கிண்ணத்தில்தான் அவர் முன்பு ரத்தம் பிடிப்பார். வெள்ளை மங்கு, நீல விளிம்பு, ஓரத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அறுத்த ஆட்டின் கழுத்துக்குக் கீழே பிடித்து, நிழலில் வைத்துவிட்டுத் தோலுரிக்கப் போவார். உரித்து முடிப்பதற்குள் ரத்தம் உறைந்துவிடும். மங்கின் ஓரத்தை விரலால் ஒரு தட்டு. உள்ளே அகர்-அகர் ஜெல்லி மாதிரி மொத்தமாக ஆடும். "ம், நின்னுச்சு," என்பார். அதைச் சொன்ன பிறகுதான் கறியில் கத்தி வைப்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, பழக்கம்.

அம்மாவின் தம்பி அவர். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார், எங்களுக்கு அடுத்த வீடு. அக்காவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது கிளினிக்கில் ரத்தம் குறைவு என்றார்கள். ஆட்டீரல் கொடுத்தால் ஊறும் என்றார் அம்மா. டிகிரி முடித்து வேலையில்லாமல் போனைத் தேய்த்துக்கொண்டிருந்த நான், பேரங்காடி ஐஸ் கறியெல்லாம் வேண்டாம், சுத்தமாக வளர்த்த ஆடுதான் வேண்டும் என்று கிளம்பினேன். சுங்கை பெசாரில் ஆடு உள்ளூர், தீனி மூட்டையில் வந்தது. உலு யாமில் 'ஆர்கானிக்' என்று போர்டு போட்ட பண்ணையில், போர்டுக்குப் பின்னாலேயே ஊசிகள் கிடந்தன. பெட்ரோலைக் கரைத்துவிட்டு வீடு திரும்பினால், வாசலில் மாமாவின் ஆடுகள் செம்பனை மரங்களுக்கு நடுவே மேய்ந்துவிட்டு வரிசையாக வந்துகொண்டிருந்தன. மூட்டைத் தீனி கிடையாது. ஊசி கிடையாது. நான் தேடியது என் மூக்குக்கு முன்னாலேயே புழுக்கை போட்டுக்கொண்டு நின்றது.

ஞாயிறுதோறும் ஓர் ஆடு என்று பேசிக்கொண்டோம். ஈரல் அக்காவுக்கு, கறி விற்பனைக்கு. மாமாவையும் கிடாவையும் சேர்த்துப் படம் எடுத்து, 'மருந்தில்லா ஆடு' என்று எழுதி இணையத்தில் போட்டேன். மாமா படத்தை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள, இதுல யாருடா வெலைக்கு?"

"ரெண்டுல எது கொழுப்பு ஜாஸ்தியோ அது லா, மாமா."

இரண்டாவது ஞாயிறு மழை. அன்று ரத்தம் உறைய நேரமாயிற்று. மாமா இரண்டு மூன்று முறை தட்டினார். குளிர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டார். அன்றைய ஈரலை அக்கா மிளகு போட்டு வறுத்து, யாருக்கும் ஒரு துண்டுகூடக் கொடுக்காமல் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு நல்ல வெயில். மாமா தோலை உரித்து முடித்து வந்து மங்கைத் தட்டினார். ரத்தம் தண்ணீராக அலை அடித்தது. வெட்டின கழுத்திலிருந்தும் இன்னும் சொட்டிக்கொண்டே இருந்தது. மாமா கறியில் கத்தி வைக்கவில்லை. ஆட்டின் இரைப்பையைக் கீறினார். அரைத்த புல்லுக்கு நடுவே நீல நிறத்தில் மெழுகுத் துணுக்குகள். மரத்தடிகளில் எலிக்கு வைக்கிற கட்டி. தோட்டத்துக் குத்தகைக்காரன் ஆட்கள் அந்த மாதம்தான் வைத்திருக்கிறார்கள், லயத்து வீடுகளில் யாருக்கும் சொல்லவில்லை. தோட்டத்தில் அதற்கும் பெயர் மருந்துதான், எலி மருந்து. தின்றால் உடம்புக்குள் ரத்தம் உறையாது. எலி அப்படித்தான் சாகும். மிச்சம் போய்த் தங்குவது ஈரலில்.

மாமா கையைக் கழுவாமலே என்னைப் பார்த்தார். "ஒங்கக்கா போன வாரத்து ஈரல தின்னுச்சா?"

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உறைவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறது, கறிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அதன் பிறகு அக்கா பல் துலக்கித் துப்பும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று எச்சிலின் நிறத்தைப் பார்த்தார். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகவே போனது. அக்காவும் குழந்தையும் வீடு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். மாமா அதை டாக்டரிடமே இன்னொரு தடவை கேட்டார்.

அவர் அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை. மிச்ச ஆடுகளை விற்கவும் மாட்டேன் என்கிறார், அவிழ்த்துவிடவும் மாட்டேன் என்கிறார். ரோட்டோரத்தில் புல் அறுத்து வந்து போடுகிறார். கொழுத்துக் கிடக்கின்றன. எதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்னமும் யாராவது 'மருந்தில்லா ஆடு எப்போ வரும், ப்ரோ?' என்று செய்தி அனுப்புகிறார்கள்.

போன ஞாயிறு குழந்தைக்குக் காது குத்தினோம். தாய்மாமன் நான்தானே, மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் மாமா உள்ளே வரவில்லை. கொல்லையில் அந்த மங்கில் ஆடுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. காது மடலில் ஒரு சொட்டு திரண்டது. ஆசாரி துடைத்தார், மறுபடியும் திரண்டது. அம்மாவும் அக்காவும் எழுந்து கிட்டே வந்துவிட்டார்கள். மங்கோடு மாமா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"நின்னுச்சா, மாப்ள?"

தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தேன்.